சாவி வைக்கும் விரிசல்

வாசலுக்கு இடப்பக்கம்
வளைவின் உச்சியில் தொடங்கி
படிக்கல் வரை இறங்கும் விரிசலின் குறுக்கே
மூன்று கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினேன்.
பங்குனி கடைசி.
ஒவ்வொன்றிலும் தேதி, கையொப்பம்.
உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள்.
உடையாவிட்டால்
நான் இன்னொரு முறை திருவாரூரில் பஸ் மாற வேண்டும் என்று பொருள்.

வெட்டாற்றுத் தென்கரை, செம்பியன்மேடு,
மாதா கோயில்.
கோப்பில் அதற்குப் பெயர் ‘மேற்படி கட்டடம்’.

பங்குச்சாமி நல்ல மனிதர். மோர் கொடுத்தார்.
புதுக் கோயிலின் படத்தை போனில் காட்டினார்:
இரட்டைக் கோபுரம், நீலக் கண்ணாடி,
ஏசி மாட்ட இடம் விட்ட சுவர்.
சிங்கப்பூர் பிள்ளைகள் பணம் அனுப்பிவிட்டார்கள்.
“ஆபத்து என்று ஒரு வரி எழுதினால் போதும்மா.”
போதும்தான்.
ஒரு வரியில் இடிந்த கட்டடங்கள்
என் அலமாரியில் இரண்டு தட்டு இருக்கின்றன.

கோயில் பெருக்கும் மதலேனம்மாள்
விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டு
என் பட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள்.
“அது நான் சாவி வைக்கிற எடங்க.
தவசு காலத்துல சாவி முழுசாப் போயிடும்.
ஆத்துல தண்ணி வந்துட்டா நகங்கூட நுழையாது.
அப்ப பங்கு வீட்டு ஆணியில மாட்டிருவேன்.”

பென்சிலால் குறித்துக்கொண்டேன்,
பேனாவால் அல்ல.

வைகாசியில் போனபோது மூன்றும் உடைந்திருந்தன.
மேலே ஒன்பது மில்லிமீட்டர்.
உள்ளே சாவி,
கொண்டை மட்டும் வெளியே.
தண்டை அளந்தேன். எட்டு.

விரிசல் படியோடு நிற்கவில்லை.
முற்றத்தில் இறங்கி
கப்பல் செதுக்கிய ஒல்லாந்துக் கல்லறைக்கு அடியில் நுழைந்து
அந்தப் பக்கம் வெளிவந்து
வேலியைத் தாண்டி வயலுக்குள் போயிற்று.
அங்கே அதைப் போல ஆயிரம்.
எது சுவருடையது, எது வயலுடையது என்று
பிரிக்க முடியவில்லை.

கல்லறையில் பெயர் இல்லை.
அரிவாள் தீட்டித் தீட்டி
எழுத்துக்கு மேலே வழுவழுப்பான ஒரு பள்ளம்,
கன்றுக்குட்டி நக்கிய உப்புக்கட்டி போல.
கப்பலின் பாய்மரம் பாதி பாக்கி.

மேட்டூர் திறந்து பதினெட்டாம் நாள்
வாய்க்காலில்
முதலில் நுரை, பிறகு ஒற்றைச் செருப்பு,
பிறகு தண்ணீர் வந்திருக்கிறது.
இரண்டு வாரம் கழித்து
எனக்கு போன் வந்தது.
“சாவி ஆணிக்கு வந்துருச்சுங்க.”
வேறொன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டாள்.

ஆடிப்பெருக்கு கழிந்த திங்கள் போனேன்.
உடைந்த கண்ணாடி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது.
கீழ்ப்பட்டை நொறுங்கிச் சர்க்கரையாகியிருந்தது.
விரல் வைத்தேன்.
நகம் நுழையவில்லை.

எனக்குத் தெரியும், இதில் அதிசயம் எதுவுமில்லை.
அடித்தளம் களியில் நிற்கிறது.
களி குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும்.
இரண்டாம் ஆண்டுப் பாடம்.
ஆனாலும் கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

படிவத்தின் பதினோராவது கேள்வி:
விரிசல் நிலையானதா, வளர்வதா?
பொருந்தாததை அடிக்கவும்.
இரண்டையும் அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: நீர்வரத்தைப் பொறுத்தது.
நிர்வாகப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
“இது பாசனப் பிரிவுக்குப் போகவேண்டிய கோப்பாம்மா?”

கோப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
கோயில் இன்னும் நிற்கிறது.
நீலக் கண்ணாடிப் படமும்
பங்கு வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு நிற்கிறதாம்.

இந்த வருஷம் அணை திறக்கவில்லை.
ஆனி போய் ஆடியும் பாதி.
மதலேனம்மாளிடமிருந்து போன் இல்லை.
காலையில் பேப்பரில்
நீர்மட்டத்தின் அடிக்கணக்கைத் தேடும்போதெல்லாம்
எனக்கு ஒரு சாவி தெரிகிறது,
சுவருக்குள்,
கொண்டையும் உள்ளே போய்.